புதன்கிழமை பொறந்த அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

சிவராஜ் ஜப்பான்லேர்ந்து எழுதுறேன். நல்லா இருக்கேன். முட்டிவலி எப்படி இருக்கு? ரங்கூன்ல, நம்ம தாகேதா பக்கம் கரண்டு ஒழுங்கா வருதா? படிப்ப விட்டவன்னு மாமா இன்னும் திட்டுறாரா? திட்டட்டும்.

நான் ஐஸ் தரை சுத்தம் பண்ற மைதானத்துல நேத்து வயசானவங்களுக்கு ஸ்கேட்டிங் பந்தயம். வயசு வாரியா ரெக்கார்டு வெச்சிருக்காங்க. எங்க கேன்டீன்ல சமைக்கிற யோஷிகோ அம்மா, அறுபது தாண்டினவங்க ரெக்கார்ட முறியடிச்சுட்டாங்க. ஆனா பொறந்த தேதிக்கு அத்தாட்சி பாத்தாதான் அதிகாரிங்க ஒத்துக்குவாங்களாம். அதுவரைக்கும் என் கைய விடாமப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. மைக்ல பேர் சொன்னதும் அழுதுட்டாங்க.

அப்புறம் "உங்கம்மா பொறந்த தேதி என்ன?"ன்னு கேட்டாங்க. "புதன்கிழமை, மத்தியானத்துக்கு மேல"ன்னேன். நம்ம ரங்கூன்ல பொறந்த கிழமையத்தானே கேப்பாங்க, புதன்னா காலையா மத்தியானமான்னு வேற! "கிழமை கெடக்கட்டும், வருஷம்?"னு சிரிச்சாங்க. எனக்குத் தெரியலம்மா.

மாமாகிட்ட கேட்டு எழுது. லப்பெட், அந்தத் தேயிலை ஊறுகா, கொஞ்சம் அனுப்பு. போத்திக்க நீ கட்டுற பழைய லுங்கி ஒண்ணும் வை, தொவைக்காம.

உன் வயசு தெரியாததால, எந்த வயசுக்காரங்க ஓடுனாலும் அதுல உன்னத் தேடுறேன்.

வேலைக்கு மணி அடிச்சுட்டாங்க, ஓடறேன்.

சிவராஜ்