முள்ளனின் தரை

28 ஜூலை 2024, ஞாயிறு
முள்ளனுக்குத் தரை மாற்றினேன். பெங்களூர் மாமா வெளிநாடு போகும்போது கண்ணாடிப் பெட்டியோடு விட்டுப்போன தாடி ஓணான் அவன். இந்த மழையில் அடிக்கண்ணாடி ஐஸாகச் சில்லிடுகிறது, செய்தித்தாள் போதவில்லை. நூலகப் புத்தகத்தில் மணல், மரத்தூள் இரண்டும் கூடாது என்று இருக்கிறது. காப்பி உமியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எஸ்டேட் களத்திலிருந்து அப்பா மூட்டையாகக் கொண்டுவருவது. நம் கோழிகள் அதில்தான் படுக்கின்றன. ஆகவே உமி. இரண்டு அங்குலம் பரப்பினேன். வெட்டுக்கிளியைக் கவ்வும்போது வாய் நிறைய உமியும் போகிறது. துப்பிவிடுவான்.

2 ஆகஸ்ட்
நாளை ஆடிப்பெருக்கு. குலசாமி கோயிலுக்கு மலையிலிருந்து கீழே இறங்குகிறோம். இரண்டு நாள் முள்ளன் என் வகுப்பு ஐஸ்வர்யா வீட்டில். அவள் அப்பா ஓட்டல் வைத்திருக்கிறார், கரன்ட் போனாலும் அங்கே அவனுக்குச் சூடு தரும் பல்பு எரியும்.

4 ஆகஸ்ட்
பெட்டிக்குள் நீல மணல்!! மீன்தொட்டிக்குப் போடுவது. ஓட்டலில் தங்கியவர்கள் போட்டோ எடுக்க அழகாக இருக்குமென்று உமியை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுக் கொட்டியிருக்கிறாள். "அவன் மணல் பக்கமே போகலடி"யாம். ஒரு துகள் விடாமல் கூட்டி எடுத்துவிட்டுப் புது உமி போட்டேன்.

6 ஆகஸ்ட்
சாப்பிடவில்லை. வயிறு கல் மாதிரி. பின்கால் இழுக்கிறது.
அப்பா லீவு சொல்லிவிட்டுச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். குடலில் ஏதோ அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். தினமும் வெந்நீர்த் தொட்டி, வயிற்றைத் தடவ வேண்டும், கீழே வெறும் காகிதம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளிவராவிட்டால் கஷ்டம்.
எது அடைத்திருக்கும்? எனக்குத் தெரியாதா?
"பல்லிக்குப் போயி இம்புட்டு அழுவாச்சியா கண்ணு?" என்றாள் அம்மா. நான் அழவில்லை. இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐஸ்வர்யாவுக்குத் தண்டனைகள் எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு. மூன்றாவது, சடையை வெட்டுவது. ஏழாவது, டிபன் டப்பாவில் தேள். ஒன்பதாவது, ஒரு மாதம் என் பையை அவள் பஸ் ஸ்டாண்டு வரை சுமப்பது. எதுவும் போதவில்லை.

8 ஆகஸ்ட்
பிரேயரில் இன்று பொது அறிவு என் முறை. "ஊர்வன வகை விலங்குகளுக்கு மணல் எமன். அறியாமல் செய்வது பிழை. போட்டோவுக்காகச் செய்வது பாவம். அப்படிச் செய்த ஒருவர் நம் ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்கிறார்." பெயர் சொல்லவில்லை. பெயர் எதற்கு? மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. அவள் காது சிவந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன்.

9 ஆகஸ்ட்
அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. "ஓணான் கொலகாரி" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். தனியாகச் சாப்பிட்டாள். எனக்குத் தயிர்சாதம் இவ்வளவு ருசித்ததே இல்லை.
அப்பா மட்டும், "அந்தப் புள்ள மேல பழி போடறதுக்கு முன்னால நல்லாப் பாத்தியா சாமி?" என்றார். பார்த்தேன். நீல மணலைப் பார்த்தேனே.

11 ஆகஸ்ட், ஞாயிறு
வந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு, வெந்நீரில். பிழைத்துவிட்டான்!
மணலை எண்ணி எடுத்து அவள் மேஜையில் வைக்க வேண்டுமென்று வடிகட்டினேன். சாட்சி வேண்டுமே.

ஒரு மணல்கூட இல்லை.

கெட்டியாக, பழுப்பாக, விரல் நீளத்துக்கு – உமி. எல்லாம் உமி. நான் போட்டது. அவள் வீட்டிலிருந்து வந்தபிறகு மறுபடியும் நானே போட்டது. துப்பிவிடுவான் என்று நானேதான் எழுதியிருக்கிறேன், மேலே பார்த்தேன். கோழிக்கும் ஓணானுக்கும் ஒரே வயிறா? என்னையே கேட்கிறேன், ஏன்டி இப்படிப் பண்ணின?

12 ஆகஸ்ட்
தமிழ் மிஸ்ஸிடம் கேட்டு, என் முறை இல்லாதபோதும் மேடையேறினேன். "மணல் இல்லை. நான் போட்ட காப்பி உமி. ஐஸ்வர்யா மேல் தப்பில்லை." சிலர் சிரித்தார்கள்.
இடைவேளையில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவளிடம் நீட்டினேன். "உனக்குன்னு எழுதுனது. இப்ப எனக்கு. ஒண்ணு எடுத்துக்க." நின்றபடியே பன்னிரண்டையும் படித்தாள்.
"தேள எங்கடி புடிப்ப?"
பட்டியலை மறுபடி மேலிருந்து பார்த்தாள்.
"ஒம்பது," என்றாள். சிரிக்கவில்லை.

13 ஆகஸ்ட்
பை சுமந்தேன். அவள் முன்னால் நடந்தாள்.

16 ஆகஸ்ட், வெள்ளி
நேற்றுச் சுதந்திர தின லீவு போக, மூன்றாம் நாள். இன்று பை தோளை அறுத்தது. வேண்டுமென்றே கல் வைத்திருக்கிறாள். வைக்கட்டும், நானாக இருந்தால் இரண்டு வைத்திருப்பேன்.
பஸ் ஸ்டாண்டில் பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். ஓட்டல் குளியலறைக்கு ஒட்டி மிஞ்சிய டைல்ஸ். வழுக்காத, சொரசொரப்பானது.
"உனக்கில்லடி. அவனுக்கு. திங்கக்கெழமயும் பை இருக்கு, மறந்துராத."

பெட்டியில் அளவாக உட்கார்ந்தது. பல்பின் கீழே அரைமணியில் சூடேறிவிட்டது. முள்ளன் வயிறு பட நீட்டிப் படுத்தான். ஒரு வெட்டுக்கிளி விட்டேன். கவ்வினான். வாயில் வேறெதுவும் இல்லை.