கட்டத்துக்கு வெளியே

மார்ச் 3, செவ்வாய்

இன்று விற்பனைக்கு வந்த ஒரு மாடி வீடு. விளம்பரத்துக்குப் படம் எடுப்பதற்கு முன்னால் வழக்கம்போல ஒளித்து வைக்கிற வேலை. வாளி, துடைப்பம், கைப்பிடித் துணி, ஃபிரிட்ஜ் மேலிருந்த மருந்து டப்பாக்கள் எல்லாம் பால்கனிக்குப் போயின. அந்த வீட்டில் யாருமே வாழ்ந்ததில்லை என்று தோன்ற வேண்டும், அதுதான் எங்கள் முதலாளியின் கொள்கை.

பிறகு பையிலிருந்து, நடுவில் சதுர ஓட்டை போட்ட அட்டையை எடுத்தேன். ஒரு கண்ணை மூடி, அதன் ஓட்டை வழியாக அறையைப் பார்த்தேன். வீட்டுக்காரர் என் கழுத்தில் தொங்கும் கேமராவையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "கேமராலயே தெரியுமே மேடம், இது எதுக்கு?"

என்ன சொல்ல? கேமராவைக் கண்ணில் வைத்தால் விரல் சும்மா இருக்காது. அட்டையில் அமுக்க ஒன்றும் இல்லை, பார்க்க மட்டும்தான் முடியும். கையை நீட்டிப் பிடித்தால் ஜன்னலோர நாற்காலி மட்டும். முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தால் முழு அறை. வேண்டாததை விடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

சின்ன வயதில் அக்கா செய்து கொடுத்த அட்டை இது. அப்பாவின் பழைய பெட்டிக் கேமராவில் படம் சதுரமாக வரும். அந்தப் படம் ஒன்றைச் செருப்பு டப்பா மூடிமேல் வைத்துக் கோடு போட்டு, பிளேடால் வெட்டினாள். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு தையல் நூல் ஒட்டினாள். "மூஞ்சிய நட்ட நடுவுல வைக்காதடி. நூலும் நூலும் சேர்ற இடத்துல வை." ஏதோ வாரப் பத்திரிகையில் படித்தாளாம். நூல்களை எத்தனையோ தடவை மாற்றியாகிவிட்டது. அட்டை அதேதான்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். காதுக்குக் கீழே இருக்கிற கட்டியை எடுத்தே ஆக வேண்டுமாம்.

மார்ச் 5, வியாழன்

டாக்டரிடம் நானும் போனேன். கெட்ட கட்டி இல்லையாம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறது. விட்டால் கட்டி வளரும். எடுத்தால் நரம்பு போனாலும் போகலாம். போனால் இடது பக்கம் தொங்கிவிடும், சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். பதினெட்டாம் தேதி ஆபரேஷன்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "சாப்பிட முடியும்ல டாக்டர்?"

என் நினைப்பு வேறு எங்கோ போனது. அவள் சிரிக்கிற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. பள்ளிக்கூட நாளில் ஒரு ஸ்டூடியோக்காரர், "பல்லை உள்ள வச்சுக்கோம்மா" என்று சொன்னாராம். முன்பல் ஒன்று இன்னொன்றின்மேல் லேசாக ஏறியிருக்கும், அவ்வளவுதான். அன்றோடு சரி. கல்யாணப் படத்தில்கூடக் குனிந்த தலை, இறுக மூடிய வாய்.

பதினெட்டுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிட வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

கேட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"இத்தனை வருஷமா வேண்டாத சிரிப்பு இப்ப மட்டும் எதுக்குடி?"

"உனக்கு இல்லக்கா, எங்களுக்கு வேணும்."

"செத்தா மாட்டுறதுக்கா?"

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் மகள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பஸ்ஸில் அழுகை வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

பழைய ஆல்பங்கள் எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன். எங்கள் பிள்ளைகள் விதவிதமாகச் சிரிக்கிறார்கள், அத்தனையும் சதுரம். அக்கா எங்குமே இல்லை.

எப்படி இருப்பாள்? நான் அட்டையில் பார்த்துவிட்டுக் கேமராவை எடுத்ததும், கட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் போய் நின்றுகொள்வாள். பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது அவள் பொறுப்பு. "நான் கட்டத்துல இல்லையே? சரி, எடு."

நான் சொந்தமாக வாங்கிய கேமராவில் படம் அகலமாக வரும். புது அட்டை வெட்ட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அட்டையில் சதுரத்தைப் பார்ப்பேன், பிலிமில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக விழும். கடையிலிருந்து பிரிண்டுகளை வாங்கி வருவது அக்கா. "கட்டத்துல இல்லாதது எதுக்கு?" என்று இரண்டு ஓரத்தையும் கத்தரித்து, ஆல்பத்தில் ஒட்டிய பிறகுதான் என் கண்ணில் காட்டுவாள். எவ்வளவு ஒழுங்கு என்று பெருமைப்பட்டவள்தான் நான்.

மார்ச் 12, வியாழன்

ஆபீசில் ஒரு சமையலறைப் படத்தின் ஓரத்தில் சிவப்பு வாளி. மறந்திருக்கிறேன். கணினியில் அந்த ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் வெட்டியது பிரிண்டைத்தானே? நெகட்டிவை இல்லையே!

மார்ச் 15, ஞாயிறு

நெகட்டிவ்கள் பரண்மேல் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அக்கா மகளை வரச்சொல்லியிருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லாருக்கும் கறுப்புப் பல், வெள்ளைத் தலை. ஒன்றும் புரியவில்லை. ஸ்கேனரில் ஒவ்வொன்றாக வைத்தோம்.

முதல் படம், மூன்று சக்கர சைக்கிளில் அக்கா மகளே. கன்னம் குழியச் சிரிக்கிறாள். வலது ஓரத்தில் ஒரு தோள், ஒரு கை, அப்புறம் ஒரு முகம்.

"சித்தி... இது அம்மா!"

அக்காதான். காதுகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாய் காது வரைக்கும், அத்தனை பல்லும் தெரிய. அடுத்ததில் தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு. இன்னொன்றில் என் மகனோடு சேர்ந்து அவளும் அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பாதிக்கு மேற்பட்ட படங்களில் இருக்கிறாள். என் கண் எப்போதும் நடுவில் இருந்த சதுரத்திலேயே இருந்திருக்கிறது.

அவள் மகள் திரையில் அந்த ஓரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் வீடு நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்த அந்த நாட்கள் ஒரு மதியத்துக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. திரும்ப வராது என்பதும் அப்போதே தெரிந்தது, அதுதான் கஷ்டம்.

மார்ச் 17, செவ்வாய்

பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அக்கா ஆஸ்பத்திரிப் பையில் துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் வெட்டினியாக்கா?"

"பின்ன? கத்தரிக்கோல் என் கையில இருந்துச்சு, வெட்டினேன்."

கோபப்படலாமா, சிரிக்கலாமா? அவள் சைக்கிள் படத்தை மட்டும் மறுபடி எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்திருக்கேன், இல்ல?"

இந்த வயதில் அதைக் கேட்கிறாள். "ஆமாக்கா" என்றேன். அந்தப் படத்தைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்தாள். இப்போது எடுக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

முடிந்தது. கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

இடது பக்கம் அசையவில்லை. கொஞ்சம் திரும்பலாம், மாதக்கணக்கில் ஆகும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். முகம் பார்க்கிற கண்ணாடி கேட்டாள். பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடவுளே, இவளுக்குப் போய் இதுவா?

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். கஞ்சியை ஒரு பக்கமாகவே குடிக்கப் பழகியிருக்கிறாள். பேச்சு லேசாகக் குழறுகிறது, வாய் மட்டும் குறையவில்லை.

"பையில அட்டை இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். பிய்ந்துபோன நூலைப் பார்த்து, "இதைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல" என்றாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அந்தச் சதுரத்தைத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கேமரா உறையின் பொத்தானே கழலவில்லை. அவள் மகள் ஓடிவந்து எனக்கு வலது பக்கம் கொஞ்சம் முன்னால் நின்று, காதுகளைப் பிடித்து இழுத்து, நாக்கை நீட்டினாள். அக்கா சிரித்துவிட்டாள். வலது பக்கம் மட்டும், அந்த ஏறிய பல்லோடு.

எடுத்துவிட்டேன்.

"ஓரத்த வெட்டாதடி" என்றாள்.

இப்போது திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது ஓரத்தில் மருந்து டப்பாக்கள், கஞ்சிக் கிண்ணம். வலது ஓரத்தில் மகளின் முழங்கை, ஒரு பச்சை வாளி. எல்லாம் அப்படியே இருக்கட்டும்.