பஸீஹாவின் கத்தி

ராத்தா,

வேலைக்குப் போகிறேன். சாவி வழமையான இடத்தில் இருக்கிறது. சூரை மீன் பிரிட்ஜில் இருக்கிறது, நீங்கள் வாங்கித்தந்த சில்வர் கத்தியாலேயே வெட்டுங்கள்.

பழைய இரும்புக்காரனுக்கென்று நீங்கள் கட்டிவைத்த சாக்கிலிருந்து பஸீஹாவின் கத்தியை எடுத்துவிட்டேன். யாரைக் கேட்டு அதைப் போட்டீர்கள்? “துருப்பிடிச்ச சாமான் வீட்டுக்கு ஆகாதுடா தம்பி, உன்ட நல்லதுக்குத்தான்” என்கிறீர்கள். நீங்கள் கருவாடு வெட்டிவிட்டு, உப்போடு விடியும்வரை தொட்டியில் போட்டால், லொறி ஸ்பிரிங் இரும்பில் கொல்லன் அடித்த கத்தி துருப்பிடிக்காமல் சிரிக்குமா? அவள் வெட்டியதும் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசுவாள். அது கேட்டது அவ்வளவுதான். அவள் மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் நாலைந்து மாதமாக, யாரும் தீட்டாமலே அது சூரைத் தலையைப் பிளந்தது. உங்கள் சில்வர் கத்தி துருப்பிடிக்காது, ஓம். கழுவிப் போட்டுவிட்டு மறக்கிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஒரு கிழமைக்குள் தக்காளியை நசுக்குகிறது.

இனி நீங்கள் அவளுடைய கத்தியைத் தொட வேண்டாம்.

உம்மா பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு வந்தால் தேத்தண்ணி கொடுங்கள். எனக்கு மறு கலியாணத்துக்குப் பெண் பார்க்கிற கதையை இரண்டு பேரும் எடுக்க வேண்டாம்.

என் கோபம் துருவுக்காக இல்லை ராத்தா. துருவை நானே தேய்த்து எடுத்துவிட்டேன். அவள் கடைசியாகத் தீட்டிய கூரும் அதோடு போய்விட்டது.