புளி காயும் பாறை

10.2.1983
கோபால்சாமி வந்தான். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அவர் செத்த பிறகு இந்த வாசலை மிதிப்பது இப்போதுதான்.

போன வருஷம் கப்பலில் போன புளியில் சாணி ஒட்டியிருந்ததாம். மெட்ராஸ் கம்பெனிக்காரர் திட்டினாராம். சாணி மெழுகின களத்தில்தானே என்றைக்கும் காய வைக்கிறோம்? நமக்குச் சுத்தம், அவர்களுக்கு அழுக்காம். அதனால் புளி காய வைக்க என் நிலத்துப் பாறை வேணுமாம்.

"அண்ணி, நம்ம ஒரு ஊரு புளி ஒரு லாரிக்கு ஆவாது. அஞ்சு ஊரும் ஒண்ணா சேந்தாத்தான் கப்பல்காரன் மதிப்பான். ஒரு வூட்டுப் புளி கெட்டா எல்லாருக்கும் கெட்ட பேரு."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

11.2.1983
போன மாசி. இந்த அஞ்சு ஊர்க் கூட்டுக்குப் புளி உலுக்கத்தான் அவர் மரம் ஏறினார். விழுந்தார். பிணம் வாசலில் கிடக்க ஊரே லாரி ஏற்றப் போனது. கப்பல் நிற்காதாம். ஏற்றி முடித்துவிட்டு வந்தார்கள். கையெல்லாம் புளி. அந்தக் கையாலேயே மண் தள்ளினார்கள்.

கோபால்சாமியின் அம்மா செல்லியம்மா ஒருத்திதான் லாரிப் பக்கம் போகவில்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

14.2.1983
சொல்லிவிட்டேன். "பாறை தர்றேன். எந்த வூட்ல சாவு வுழுந்தாலும் அன்னிக்கு லாரி நிக்கணும்."

"இன்னா அண்ணி, சாவு சொல்லிட்டா வருது?"

"உங்க அண்ணனுக்கு மட்டும் சொல்லிட்டா வந்துச்சி?"

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான்.

2.3.1983
பாறை நிறைய ஐந்து ஊர்ப் பெண்கள். ஓடு தட்டுகிறோம், கொட்டை எடுக்கிறோம். நம்மை வெயிலில் நிற்க வைத்த ஒடுகத்தூர் வியாபாரி இன்று தானே மலையேறி வந்து விலை கேட்டான். கூட்டுக்கு அந்த மதிப்பு இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது.

பக்கத்தில் கொட்டை எடுத்த மாதம்மாள் சொன்னாள்: "நம்ம புளி மலேசியா போவுது, நாம ஒடுகத்தூரு தாண்டல!"

"நீ போனா அங்க கொட்ட எடுக்க வச்சிருவாங்கடி" என்றாள் செல்லியம்மா.

நானும் சிரித்தேன். அவர் விழுந்த மரம் அங்கிருந்தே தெரிகிறது. சிரித்தேனே — ச்சீ.

19.3.1983
செல்லியம்மாவுக்குக் காய்ச்சல். கஞ்சி இறங்கவில்லை.

23.3.1983
செல்லியம்மா போய்ட்டா.

மூட்டை ஏற்ற லாரி வந்துவிட்டது. ஏற்றாதீங்கடா என்று கத்தினேன். கோபால்சாமி அழுதுகொண்டே வந்தான்.

"அண்ணி, செத்தது என் அம்மா. நானே சொல்றேன், ஏத்தட்டும். இன்னிக்கு வுட்டா கப்பல் போய்டும். அடுத்த வருஷம் நம்மள எவன் நம்புவான்? அஞ்சு ஊரு வயிறு, அண்ணி."

"சத்தியம்?"

"அம்மா மன்னிச்சிடும்."

பெத்தவளுக்கே லாரி நிக்கலையா? அப்புறம் என் புருஷன் யாரு இவங்களுக்கு?

அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். என் பாறையிலிருந்து மூட்டை போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் வந்தார்கள். கையெல்லாம் புளி.

25.3.1983
சாவு வீட்டை மெழுகச் சாணி கரைத்தேன். நிறைய மீந்தது. அதுவும் போதாதென்று இன்னும் கரைத்தேன். எடுத்துப் போய்ப் பாறை முழுக்க மெழுகினேன், ஓரம்கூட விடாமல்.

கோபால்சாமி தூரத்தில் நின்று பார்த்தான். கிட்டே வரவில்லை.

நல்ல வெயில். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.