தேன்மொழியின் அம்மா படம்

என் புவனாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கடையைத் திறக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. உன்னிடம் மட்டுமே சொல்லக்கூடிய சேதி ஒன்று வந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் ஸ்டுடியோவில் பிலிம் கழுவக் கொடுத்த வெள்ளைக்காரம்மா உனக்கு ஒரு காலண்டர் தந்துவிட்டுப் போனாளே, நினைவிருக்கிறதா? பக்கத்துக்குப் பக்கம் ஐரோப்பியர்களின் பழைய ஓவியம். இருட்டுப் பின்னணி, ஜாடி நிறையப் பூ, அடியில் பழங்கள். அதைப் பார்த்து நீயும் பித்தளைச் செம்பில் சம்பங்கி, கோழிக்கொண்டை, அரளி என்று அடுக்க ஆரம்பித்தாய்.

"சாமிக்கும் இல்ல, தலைக்கும் இல்ல. எதுக்கு இது?" என்று சிரித்தேன்.

"பாக்கறதுக்குங்க," என்றாய். ஒரு பூவை மட்டும் முதுகு காட்டத் திருப்பினாய். "எல்லாம் இந்தப் பக்கமே பாத்தா குரூப் போட்டோ மாதிரி ஆயிடும்."

அந்தச் சமயத்தில்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழுமலை வந்தார், இடுப்பில் நான்கு வயது தேன்மொழியோடு. மனைவி இறந்து ஒரு மாதம்.

"ஒரு போட்டோ கூட எடுக்கலீங்க. கொழந்த அம்மா எங்கன்னு கேக்குது. அவ ஜாடையில வேற யாரு படமாவது இருந்தா குடுங்க."

நீதான் கேட்டாய், "அவங்களுக்கு என்ன பூ பிடிக்கும்ணா?"

அவர் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார். "கனகாம்பரமும் மருக்கொழுந்தும் வெச்சுக்குவா. ஏரிக்கரையில ஆவாரம்பூ கண்டா பறிக்காம வரமாட்டா."

அந்தப் பூக்களையே அடுக்கிப் படம் எடுப்போம் என்றாய். ஆள் படம் கேட்டவருக்குப் பூப்படமா, மனசு நொந்துவிடுவாரே என்று உன்னைத் தனியே கூப்பிட்டுக் கோபித்தேன். நீ கேட்கவில்லை. மறுநாள் ஈரத்துணியில் சுற்றி அவரே அந்தப் பூவெல்லாம் கொண்டுவந்தார். குழந்தை கையில் பிடுங்கிய வேர்க்கடலைச் செடி, மண்ணோடு. அதையும் வாங்கிச் செம்பின் அடியில் சாய்த்து வைத்தாய். கறுப்புத் துணியைக் கட்டி, ஒற்றை விளக்கைப் பக்கத்தில் வைத்து எடுத்தேன்.

பிரிண்டைக் கையில் வாங்கியவர் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்குப் பயம். பிறகு குழந்தையிடம் காட்டி, "இந்தா, அம்மா," என்றார். நீ உள்ளே போய் அழுதாய்.

அந்தத் தேன்மொழி போன வெள்ளிக்கிழமை வந்தாள், புவனா! நர்ஸ் வேலை பார்க்கிறாள். தை மாதம் கல்யாணம். மேடையில் வைக்க அம்மா படத்தைப் பெரிதாக்க வேண்டுமாம். "அக்கா எங்க சார்?" என்றாள். சொன்னேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடைக்குப் பூ அவங்கதான் வெக்கணும்னு ஆசையா வந்தேன் சார்."

"நான் வெக்கறேம்மா," என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

மூன்று நாளாகப் பழகுகிறேன். பூ ஜாஸ்தியாகிச் செம்பு இரண்டு முறை கவிழ்ந்தது, சமையலறை முழுக்கத் தண்ணீர். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நேற்று ஒன்று நின்றது. அழகில்லை, ஆனால் நின்றது.

தை மாதம் அவள் மேடைக்கு என் கையாலேயே பூ வைப்பேன். யார் கேட்டாலும் என் வீட்டுக்காரி வேலை என்றுதான் சொல்லப்போகிறேன்.

இன்றும் உன் வீட்டுக்காரன்,
செல்வமணி