வலிக்காத கால்

ஆகஸ்ட் 24, 1988

இன்று பூசை முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டோம். தாம்பரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். சவுரிமுத்து அண்ணன் வருடா வருடம் கூட்டிப்போகும் குழு. மூட்டை, அரிசி, பாத்திரம் எல்லாம் வேனில் வரும். நடக்க முடியாதவர்களும் ஏறிக்கொள்ளலாம்.

அப்பா ஏற மாட்டார். போன வருடம் டைபாய்டில் நான் நினைவு தப்பிக் கிடந்தபோது, பிழைத்தால் வெறுங்காலோடு நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்திருக்கிறார். என் உயிருக்கு அவராகவே ஒரு விலை பேசியிருக்கிறார். என்னை யார் கேட்டார்கள்? அவருக்குச் சர்க்கரை வேறு. செருப்பில்லாமல் வாசலுக்குக்கூடப் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

அதனால் நானும் போகிறேன்.

ஆகஸ்ட் 27

கிளம்பிவிட்டோம். பெருங்களத்தூர் வரை தெரிந்த முகங்கள். நடைப்பயணத்துக்கென்று கட்டிய காவிப் புடவையில் ஒரே கூச்சம். வண்டலூருக்கு அப்புறம் யாருக்கும் என்னைத் தெரியாது. அப்பாடா.

ஆகஸ்ட் 29

மதுராந்தகம். ஏரிக்கரைக் காற்று. கொண்டுவந்த புத்தகத்தில் நாலு பக்கம்கூட நகரவில்லை. நடக்க நடக்க மனம் காலியாகிறது. ஜெபம் என்று சொல்ல முடியாது. வேறென்ன?

ஆகஸ்ட் 31

திண்டிவனம் தாண்டி அப்பாவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். தார் ரோட்டில் அவர் கால்வைத்த இடமெல்லாம் ஈரம். தண்ணீர் என்று நினைத்தேன். ரத்தம்.

"வலிக்கலையாப்பா?"

"ஒண்ணுமே தெரியலம்மா. மாதா தாங்குறா பாரு."

சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும் என்று படித்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? கைக்குட்டையால் கட்டிவிட்டேன்.

சவுரிமுத்து அண்ணன்தான் சத்தம் போட்டார். "வேன் இன்னாத்துக்கு சார் கீது? வெங்காயம் ஏத்தவா?"

அப்பா சிரித்துவிட்டு நடந்தார்.

செப்டம்பர் 2

கடலூர். பாதம் வீங்கிவிட்டது. வாடை வருகிறது. காலையில் கத்தியே விட்டேன், கால் போயிடும்பா, போயிடும்! "நேர்ந்தது நானு. நீ சும்மா இரு" என்றார்.

மதியம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். கணுக்கால் சுளுக்கிவிட்டது, ஓரடி வைக்க முடியாது என்றேன். பொய்.

"வேன்ல ஏறும்மா."

"நீங்களும் ஏறினா ஏறுறேன். இல்லன்னா இங்கயேதான் இருப்பேன்."

மற்றவர்கள் போய்விட்டார்கள். வேன் மட்டும் நின்றது. அப்பா ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏறினார். ஜன்னல் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், அவரைப் பாருங்க" என்றேன். அப்போதுதான் அப்பாவுக்குப் புரிந்தது. பாதத்துக்குள்ளே கண்ணாடிச் சில்லு இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்குமாம். காலை ஊன்றவே கூடாது, மண் படக் கூடாது.

செப்டம்பர் 3

என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 5

சீர்காழி. அப்பா வேனில். நான் நடக்கிறேன். சோற்றுத் தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு வருடமாக அவர் சுமந்த நேர்ச்சையை ஒரு மதியத்தில் உடைத்துவிட்டேன். தப்பா? மறுபடி அந்தப் புளியமரம் வந்தால் மறுபடியும் உட்காருவேன். ஆனாலும் அழுகை அழுகையா வருது.

செப்டம்பர் 7

வேளாங்கண்ணி. மாலை. கோயிலை நோக்கிப் போகும் மணல்பாதையில் ஜனங்கள் முழந்தாளில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வேன் நின்றது. அப்பா கதவைப் பிடித்து இறங்கி, அப்படியே மணலில் முட்டி போட்டார். ஓடினேன்.

"அப்பா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"கால ஊனக் கூடாதுன்னாரு. முட்டியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே." கடலூருக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. "பின்னாடி வந்து அதத் தூக்கிப் புடி. மண்ணு படப்போவுது."

கட்டுப் போட்ட பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, குனிந்தபடியே பின்னால் போனேன். கனம். சூடு.

"இன்னா சார், பொண்ண வண்டி தள்ள வுட்டியா?" என்றார் சவுரிமுத்து அண்ணன். சுற்றிலும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகவே இல்லை.

பாதி தூரத்தில் அப்பா நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"இடுப்பு வலிக்குதாம்மா?"

"வலிக்குதுப்பா" என்றேன்.

"இரு, மெதுவாப் போலாம்" என்றார்.