மேல் பக்கத்தில் ஒரு பொட்டு

என் பிள்ளைகளைப் பெற்றவளே, சுகம்தானே? முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்லச் சொல்ல, என் அறையில் பக்கத்துக் கட்டில்காரர் எழுதுகிறார்.

கேக் கடையில் தட்டு கழுவுகிற எனக்குக் கேக்கை அலங்கரிக்கவும் ஆசை வந்துவிட்டது. அறையில் இருப்புக்கொள்ளாமல், மைதாவைக் குழைத்து, பால் கவரின் மூலையை வெட்டி, தட்டின் முதுகில் பிழிந்து பழகுகிறேன். நீ கல்யாணத்தன்று கட்டிய சேலையின் கரை அப்படியே வந்துவிட்டது.

நேற்று கேக் மாஸ்டர், தான் பூக்கூடை போட்ட கேக்கில், சீட்டைப் பார்த்து ஒரு பேரை எழுதச் சொன்னார். கோடு பிசகாமல் வரைந்தேன்.

"பெரியவரே, பூ நேரா நிக்குது, பேர் மட்டும் சிரசாசனம் போடுதே!" என்றார். சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அடுத்த மாதம் இன்னொரு தடவை எழுதவிட்டுப் பார்ப்பாராம். அதிலும் தவறினால் கடைசிவரை தட்டுதான்.

சின்னவளிடம் சொல்லி, ஒரு தாளில் உன் பேரைப் பெரிதாக எழுதி வாங்கி அனுப்பு, அதை வைத்தே பழகுகிறேன். நாற்பத்தொரு வருஷமாக 'இந்தா' என்றே கூப்பிட்டுவிட்டேன். கையாவது ஒரு தடவை உன் பேரைச் சொல்லட்டும்.

கடைக்குக் கூட்டிப்போகிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். தாளின் மேல் பக்கத்தில் ஒரு பொட்டு வைக்க மறந்துவிடாதே.